பத்தொன்பது பூட்டுகள்

பெரியம்மா பல்கலைக்கழகத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். வாசலில் இருந்த காவலாளி என் மேஜைக்குப் போன் செய்தார். "உங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க. அடையாள அட்டை இல்லாம உள்ள விட முடியாதுன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு என் நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. இப்ப நான் நின்னுட்டிருக்கேன். சீக்கிரம் வாங்க."

இறங்கிப் போனேன். பெரியம்மா என்னைக் கண்டு எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பெரிய துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு பலகையை உருவினாள். அதைக் காவலாளியின் வருகைப் பதிவேட்டின் மேலேயே வைத்தாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பலகை அது. பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு மூலையில் சுவரின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது.

"எண்ணு."

"பெரியம்மா, இங்க எதுக்கு..."

"எண்ணுடி."

ஆணிகள் பத்தொன்பது. சாவிகள் நான்கு.

"மிச்சம் பதினஞ்சு சாவி எங்கன்னு கேளு. கேக்க மாட்ட. நானே சொல்றேன். அவங்கவங்க வந்து வாங்கிட்டுப் போய்ட்டாங்க. முப்பது வருஷமா என் செவுத்துல தொங்கின சாவி. மூஞ்சியப் பாக்காம கழட்டிட்டுப் போறாங்க. எங்க தெருவுல பத்தொன்பது வீடு காலின்னு நீ வேலை பாக்கற இடத்துலதான் எழுதிக் குடுத்தாங்களாம். எழுதினவன் யாரு? கூப்பிடு அவன."

எழுதினவள் நான்தான்.

அதை அப்போது சொல்லவில்லை. "மேல வா, பேசலாம்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் காது சுடுகிறது.

எங்கள் தெருவில் நாற்பத்தாறு வாசல்கள். எல்லாம் ஒற்றை அறை, பின்னால் ஒரு சமையல் மூலை. அவற்றில் பத்தொன்பது வீடுகளில் யாராவது ஒருவர் இரவு வேலைக்குப் போகிறவர். மருத்துவமனை, ரொட்டி ஆலை, பஸ் கழுவும் பணிமனை, கிடங்குக் காவல் என்று ஊர் தூங்கும்போது விழித்திருக்க வேண்டிய எல்லா வேலைகளுக்கும் எங்கள் தெருவிலிருந்து ஆள் போகிறது. அவர்கள் காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார்கள். எட்டு மணிக்குள் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்பிவிடுவார்கள். கிளம்பும்போது கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே ஆள் தூங்கிக்கொண்டிருக்கும். பூட்டு தொங்கினால்தான் யாரும் தட்ட மாட்டார்கள். காய்கறி விற்கிறவர், மீட்டர் பார்க்கிறவர், பந்து விழுந்துவிட்டது என்று வரும் குழந்தைகள் எல்லாருக்கும் அந்தப் பூட்டுதான் பதில்.

முதலில் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். ஒரு நாள் மத்தியானம் ரொட்டி ஆலையில் வேலை செய்கிறவர் வீட்டில் மின்கம்பி எரிந்தது. அவரைத் தெருவே மாவு என்றுதான் கூப்பிடும், புருவம் வரை வெள்ளையாக வீட்டுக்கு வருவதால். அவர் உள்ளே, சாவி அவர் மனைவியோடு நான்கு கிலோமீட்டர் தள்ளி. பெரியம்மா தன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பூட்டை அடித்து உடைத்தாள். மாவின் வலது கையில் முழங்கை வரை அந்தத் தழும்பு இருக்கிறது. பெரியம்மாவின் இஸ்திரிப் பெட்டி இன்றும் கோணல்தான். அவள் தேய்த்த காலரைப் பார்த்தாலே தெரியும்.

மறுநாளே அவள் பலகையை அடித்து மாட்டினாள். எந்தச் சாவியும் தெருவைத் தாண்டக் கூடாது. பூட்டிவிட்டுப் போகிறவர் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாலை நான்கு மணிக்கு அவள் போய்த் திறந்து, தூங்குகிறவரின் காலைத் தட்டி எழுப்புவாள். துணிக்கடைக்குப் பொத்தான் தைத்து ஓரம் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. சாவிகளை அடையாளம் காண ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் துணித் துண்டு முடிந்திருப்பாள். அவளிடம் தையல் மிஷினும் உண்டு. ஆனால் நான்கு மணிக்கு முன் அதை மிதிக்க மாட்டாள், சத்தம் கேட்குமே என்று. காலையெல்லாம் கைத்தையல், நான்குக்கு மேல்தான் மிஷின். இதனால் அவளுக்குப் பாதித் துணிதான் ஒரு நாளில் முடியும். யாரும் கேட்டு அவள் இதைச் செய்யவில்லை. தெருவில் யாராவது சத்தமாகப் பேசினால் கத்தரிக்கோலோடு வெளியே வருவாள். "மெதுவாப் பேசு, நாக்க நறுக்கிடுவேன்." குழந்தைகள் நிஜமாகவே நம்பினோம்.

நானும் அப்படி நம்பிய ஒரு குழந்தைதான். என் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. பள்ளியில் சேரும் வரை பகலெல்லாம் நான் பெரியம்மா வீட்டில் கிடப்பேன். மூன்று வாசல் தள்ளி அம்மா தூங்குவாள். போய்ப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெரியம்மா வந்து தூக்கிக்கொண்டு போவாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் அடுத்து சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது.

பழைய தெருக்களை இடித்து அங்கேயே நான்கு மாடிக் கட்டடங்கள் கட்டி, இருப்பவர்களுக்கே வீடு கொடுக்க நகராட்சி முடிவு செய்தது. யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலையை எங்கள் துறையிடம் கொடுத்தது. முன்பெல்லாம் இதைக் கட்டட ஒப்பந்தக்காரரே செய்வாராம். கணக்கில் அவருடைய மாமன் மச்சான் எல்லாம் குடியிருப்பார்களாம். பல்கலைக்கழகம் செய்தால் நியாயமாக இருக்கும் என்று நகராட்சி நினைத்தது. நானும் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் வேலையே இப்படி ஒரு வேலை என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அறிக்கையின் பெயர் 'யாரையும் விடாத நகரம்'. அட்டையில் ஒரு படம். சிரிக்கும் முகங்கள், எல்லாம் பகல் வெளிச்சத்தில்.

மாணவர்கள் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வீடு வீடாகப் போனார்கள். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை போயும் ஒரு வீடு பூட்டியிருந்தால் அது காலி. விதி அப்படி. வந்த படிவங்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. எங்கள் தெருவின் கட்டும் என் மேஜைக்கு வந்தது. பூட்டிய வீடுகள் பத்தொன்பது. அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குப் பலகை கண்ணில் வந்தது. குறிப்புக் கட்டத்தில் பத்தொன்பதிலும் ஒரே வாசகம்: 'தெருமுனை வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தது. யாரும் இல்லை என்றார்.'

பெரியம்மாதான் சொல்லியிருக்கிறாள். வேறென்ன சொல்வாள்? மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான்கு பேர் அட்டையும் பேனாவுமாக வந்து கதவைத் தட்டக் கை ஓங்கினால், அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அவர்களைத் துரத்துவது. "யாரும் இல்ல, தட்டாதீங்க, போங்க." முப்பது வருடமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறாள்.

படிவத்தில் 'ஐயம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு கோடு போட்டிருந்தால் போதும், மறுபடி போய்ப் பார்ப்பார்கள். நான் போடவில்லை. ஏன்? வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விண்ணப்பத்தில் முகவரிக்குப் படித்தபோது தங்கிய விடுதியைக் கொடுத்திருந்தேன். அந்தத் தெரு என் தெரு என்று அங்கே யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் தன் ஆட்களுக்கு வீடு வாங்கித் தருகிறாள் என்பார்கள். இதெல்லாம் நான் அப்போது யோசித்தேனா, இப்போது எனக்காகக் கட்டிக்கொள்ளும் காரணமா என்று தெரியவில்லை. பத்தொன்பது முறை 'காலி' என்று தட்டினேன் என்பது மட்டும் தெரியும். பிறகு தேநீர் குடிக்கப் போனேன்.

பட்டியலைத் தெருமுனையில் ஒட்டினார்கள். இருபத்தேழு வீடுகளுக்கு இடம் உண்டு. பெரியம்மா பகலில் வீட்டில் இருப்பவள், அவள் பெயர் முதல் வரிசையில் இருந்தது. பத்தொன்பது வீடுகளுக்கு ஒன்றும் கிடையாது. கணக்கெடுத்த மாணவர்களில் ஒருவர் கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார், முனை வீட்டு அம்மாதான் யாரும் இல்லை என்றார் என்று.

மேலே பேராசிரியர் அறையில் பெரியம்மா பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவள் தண்ணீரைத் தொடவில்லை.

"நீங்க எத்தனை மணிக்குத் தூங்குவீங்க சார்?"

"பதினொண்ணு இருக்கும். எதுக்கும்மா?"

"ராத்திரி ஒண்ணரை மணிக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறேன். மூணு நாள் வரேன். நீங்க வெளிய வரலைன்னா காலின்னு எழுதிட்டுப் போயிடவா?"

பேராசிரியர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விதிமுறையை விளக்கினார். உலகம் முழுக்க இப்படித்தான் எடுக்கிறார்கள் என்றார். அறிக்கை போய்விட்டது, அடுத்த கட்டத்தில் திருத்தலாம் என்றார்.

"அடுத்த கட்டம்னா எப்ப?"

"ஒரு ரெண்டு வருஷத்துல..."

"வீட்ட எப்ப இடிக்கிறீங்க?"

"அது நகராட்சி முடிவு. நாலு மாசம்னு கேள்வி."

"அப்ப திருத்தி யாருக்குக் குடுப்பீங்க? செங்கலுக்கா?"

அவர் முகம் சிவந்தது. முன்னால் இருந்த படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "அம்மா, கோபப்படாதீங்க. எங்க பசங்க விசாரிக்காம எழுதலை. பாருங்க, உங்ககிட்டதான் கேட்டிருக்காங்க. நீங்கதானே யாரும் இல்லைன்னு சொன்னீங்க?"

பெரியம்மாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான் வரும். விரலை வைத்துப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். தெருவே ஏசியதைக்கூட அதுவரை அவள் பொய்ப் பழி என்றுதான் நினைத்திருந்தாள். வந்தவர்கள் எழுதிக்கொள்ள வந்தவர்கள் என்பதே அவளுக்கு உறைத்திருக்கவில்லை. அவளுக்கு அவர்கள் கதவைத் தட்ட வந்தவர்கள், அவ்வளவுதான்.

"ஆமா" என்றாள் கடைசியில். "சொன்னேன். பொய் சொன்னேன். நீங்க என்னத்துக்குக் கேக்கறீங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. பொய் சொன்னவ நானு. என் பேர அடிங்க. அவங்க வீட்ட எதுக்கு அடிக்கறீங்க?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. "சார், எனக்கும் தெரியும். அந்தத் தெருவுலதான் வளர்ந்தேன். பூட்டின வீட்டுக்குள்ள ஆள் இருப்பாங்கன்னு தெரிஞ்சேதான் காலின்னு ஏத்தினேன்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. பலகையில் இருந்த ஒரு சாவியின் துணி முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நீயா?"

"நான்தான்."

"உங்கம்மாக்குத் தெரியுமா?"

அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவும் நானும் மூன்று வருடம் முன்பே அந்தத் தெருவை விட்டு வாடகைக்கு வேறிடம் வந்துவிட்டோம். அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பூட்டப் புடிச்சுக்கிட்டு அழுத பிள்ளைதானே நீ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

பேராசிரியர் நகராட்சி அதிகாரியோடு பேசினார். மறுபடி ஒரே ஒரு முறை நேரில் பார்க்கலாம் என்று முடிவானது. ஆனால் எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். வேறு தெருக்களில் வீடு கிடைக்கும் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களை அழைத்து வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் ஆளை நிறுத்திக் காட்டினால் செல்லாது. அடுத்த வாரம் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரம் வருவார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுதுவார்கள். இல்லையென்றால் முன்பு எழுதியதுதான். என் தெரு என்பதால் நான் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது என்றார் பேராசிரியர். நியாயம்தான். இந்த நியாயத்தை வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. நானே சொல்லியிருக்கக் கூடாதா என்று அதைவிட அதிகமாக வந்தது. ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

"வந்துட்டியா? எண்ணறதுக்கா, அழிக்கறதுக்கா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஒரு குவியல் சட்டையும் பொத்தான் டப்பாவும் என் முன்னால் வந்து விழுந்தன. அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசியது நூல், ஊசி, பொத்தான் பற்றித்தான்.

பலகையைத் திரும்ப மாட்டிவிட்டுச் சாவி கேட்கக் கிளம்பினாள். அதிகாரிகள் வரும்போது திறந்து காட்டுவதற்குச் சாவி வேண்டும். வாங்கிக்கொண்டு போனவர்களிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். நான்கு மணிக்கு மேல் ஒவ்வொரு வாசலாகப் போனாள், நான் பின்னால்.

"உனக்குத்தான் வீடு வந்துடுச்சே. இன்னும் எங்க சாவி எதுக்கு? கண்காட்சி வெக்கவா?" என்றாள் பணிமனையில் பஸ் கழுவுகிறவள்.

"வெக்கறேன். குடு."

"இந்தத் தடவை என்ன சொல்லப்போற, செத்துட்டோம்னா?"

"உள்ள தூங்கறாங்கன்னு சொல்லப்போறேன். குடுடி."

கொடுத்தார்கள். திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். இரண்டு வீடுகளில் மட்டும் ஆளே இல்லை. பட்டியல் ஒட்டிய மறுநாளே, பத்தொன்பது குடும்பமும் அறை தேடக் கிளம்பினால் எங்கே கிடைக்கும் என்று பயந்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மாவு கொடுக்கவே இல்லை. தழும்புள்ள கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அன்னிக்குப் பூட்ட உடைச்சு என்னை வெளிய எடுத்த. இன்னிக்கு உள்ள வெச்சே மூடிட்ட. போதும் தாயே, போ."

"திட்டு. நல்லாத் திட்டு. சாவிய மட்டும் குடுத்துட்டுத் திட்டு."

கதவு சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அவர் மனைவி கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். முப்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு சாவி தெருவைத் தாண்டியது. பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து பொத்தானுக்கு ஒரு முறை எழுந்து போய் மாவின் கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு வருவாள். இஸ்திரிப் பெட்டியை வாசலிலேயே எடுத்து வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை, பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது வந்தார்கள். பேராசிரியர், நகராட்சி அதிகாரியம்மா, படிவக் கட்டோடு ஒரு எழுத்தர். பெரியம்மா பலகையைச் சுவரிலிருந்து அப்படியே கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பதினாறு சாவிகள்.

முதல் கதவு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள் வீடு, நீலத் துணி கட்டிய சாவி. பெரியம்மா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். பாயில் கிடந்தவளின் காலைத் தட்டினாள். நான்கு மணிக்கு முன்னால் அவள் ஒருவரையும் எழுப்பியதில்லை. எழுப்ப வந்தவர்களை நாக்கை நறுக்குவேன் என்று விரட்டியவள்.

நர்ஸ் திடுக்கிட்டு எழுந்தாள். "நாலாயிடுச்சா பெரியம்மா?"

"இல்ல கண்ணு. பன்னண்டுகூட ஆகல. நீ உசுரோட இருக்கன்னு இவங்களுக்குக் காட்டணுமாம். பேரச் சொல்லிட்டுப் படு."

இரண்டாவது கதவு. "நாலாயிடுச்சா?" மூன்றாவது. "அதுக்குள்ள நாலாயிடுச்சா?" கண்ணைக் கசக்கிக்கொண்டு, கன்னத்தில் பாய்க்கோடு பதிந்து, ஒருவர் முண்டா பனியனோடு, ஒருத்தி தலையில் ஈரத்துண்டோடு, எல்லாரும் அதையே கேட்டார்கள். ஆறாவது வீட்டில் அதிகாரியம்மா கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"போதும்மா. நான் நம்பறேன். மிச்சத்தை அப்படியே எழுதிக்கறோம். பாவம், தூங்கட்டும்."

பெரியம்மா திரும்பினாள். அவள் கோபப்பட்டு நூறு முறை பார்த்திருக்கிறேன். குரலை ஏற்றாமல் கோபப்பட்டது அன்றுதான்.

"நம்ப வேணாம். பாருங்க. இல்லைன்னு எழுத மூணு நாள் வந்தீங்க. இருக்காங்கன்னு எழுத ஒரு நாளாவது முழுசா வாங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து, ஆறு வீடுதான் பாத்தாங்க, மிச்சம் கிழவி பேச்சக் கேட்டு எழுதினாங்கன்னு சொல்லக் கூடாது. என் பேச்ச எழுதினது போதும்."

பதினாறு வீடும் திறந்தாள். எழுத்தர் பதினாறும் எழுதினார்.

பதினேழாவது மாவின் கதவு. பூட்டு தொங்கியது. சாவி இல்லை.

"இது?" என்றார் எழுத்தர், பேனாவை எடுத்தபடி.

"உள்ள இருக்கான்."

"சாவி எங்கம்மா?"

"அவன் பெண்டாட்டி பையில."

எழுத்தர் அதிகாரியம்மாவைப் பார்த்தார். அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர், பார்த்ததைத்தான் எழுத முடியும் என்று மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினார். பெரியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். ஒரு வாரத்தில் முதல் முறையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"தட்டு."

"நானா?"

"சின்ன வயசுல தட்டணும் தட்டணும்னு அழுதியே. இப்பத் தட்டுடி. ரெண்டு கையாலயும் தட்டு."

தட்டினேன். முதலில் மெதுவாக, பிறகு கதவு அதிர. உள்ளே எதுவோ உருண்டது. அப்புறம் கதவின் மேல் உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. பூட்டு துள்ளியது.

"எவன்டா அது! மனுசன் தூங்க வேணாமா? காலையில ஆறு மணி வரைக்கும் மாவு பெசஞ்சிட்டு வந்து கண்ண மூடினா, ஊரெல்லாம் இங்க வந்து கதவ ஒடைக்கிறீங்களா? வெளிய மட்டும் வந்தேன்னா..."

அடுத்து வந்ததை எழுத முடியாது. எங்கள் மூன்று தலைமுறையும் அதில் வந்தது. பெரியம்மா கதவில் சாய்ந்து நின்று அதை முழுக்கக் கேட்டாள். நல்ல சங்கதி கேட்பதுபோலக் கேட்டாள்.

"எழுதிக்கிட்டீங்களா சார்?" என்றாள் எழுத்தரிடம். "ஒரு வார்த்தை விடாம எழுதுங்க. காலி வீடு இப்படித்தான் பேசும்."

அதிகாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எழுத்தர் டிக் போட்டார்.

இரண்டு வீடுகள் மிஞ்சின. பூட்டும் இல்லை, உள்ளே வெறும் தரை. நீங்கள் பட்டியல் ஒட்டும் வரை இங்கேதான் இருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் ஓடினார்கள் என்று பெரியம்மா வாதாடினாள். நானும் வாதாடினேன். பேராசிரியர்கூட ஒரு வார்த்தை சொன்னார். அதிகாரியம்மா தலையை ஆட்டினார். இந்த இரண்டும் இப்போது நிஜமாகவே காலி, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நாங்கள் பொய்யாக எழுதியது அந்த இரண்டு வீட்டில் மெய்யாகிவிட்டது. அந்தப் பொய்யை எழுதிய நான் சம்பளத்தோடு விடுப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

கிளம்பும்போது பேராசிரியர் தன் போனை எடுத்தார். பலகையைப் படம் பிடித்து அடுத்த அறிக்கையில் போடலாமா என்று கேட்டார். மக்களே உருவாக்கிய அருமையான ஏற்பாடு என்றார்.

"படம் வேணாம்" என்றாள் பெரியம்மா. "அடுத்த தெருவுக்குப் போறப்ப முதல்ல போய், இங்க யாரு எப்பத் தூங்குவாங்கன்னு கேளுங்க. அது போதும்."

அவர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த கட்டக் கையேட்டில் கணக்கெடுக்கும் நேரம் காலை ஆறிலிருந்து எட்டு, மாலை நான்கிலிருந்து ஏழு என்று மாறியிருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வந்திருக்கிறது. பட்டியலை நகராட்சிக்கு அனுப்பும் முன் அந்தந்தத் தெருவில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று இன்னொன்று. நன்றிப் பக்கத்தில் பதினோரு பெயர்கள் உண்டு, பெரியம்மா பெயர் இல்லை. என்னை நூலக அட்டவணை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த விதிகளைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டுமா? மூன்று வரி மாற்றம். இதை முதலிலேயே எழுத ஒருவர் எங்கள் தெருவில் ஒரே ஒரு பகல் உட்கார்ந்திருந்தால் போதும். நான் அங்கே ஆயிரம் பகல் உட்கார்ந்திருக்கிறேனே.

அந்த வாரச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியம்மா வீட்டில் இருந்தேன். மாவு வேலை முடிந்து நேராக அங்கே வந்தார், புருவமெல்லாம் வெள்ளை. சாவியை நீட்டினார். அதிலிருந்த துணித் துண்டு காணாமல் போயிருந்தது. பெரியம்மா புதிதாக ஒரு மஞ்சள் துண்டைக் கிழித்து முடிந்தாள்.

"மொதல்ல அந்த வாயக் கழுவு. என்ன பேச்சு பேசின அன்னிக்கு."

"அந்தப் பேச்சுதானே எனக்கு வீடு வாங்கிக் குடுத்துச்சு" என்றார் மாவு. போய்ப் படுத்தார். அவர் மனைவி பூட்டிவிட்டுப் போனாள்.

பலகையில் இரண்டு ஆணிகள் வெறுமனே இருந்தன. கத்தரிக்கோலை அதில் ஒன்றில் மாட்டப் போனேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கும்படி. கத்தரிக்கோலைப் பிடுங்கி மிஷின் மேல் வைத்தாள்.

பத்து மணிக்கு, ஏதோ மருந்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் படிவங்களோடு தெருவுக்குள் வந்தார். நர்ஸின் கதவை நெருங்கியதும் பெரியம்மா கைத்தையலைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவர் பூட்டைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார்.

"யாரும் இல்லையாம்மா?"

"இருக்காங்க. தூங்கறாங்க. தட்டாதீங்க. நாலு மணிக்கு வாங்க."

அவர் போகும் வரை வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"எழுதிக்கிட்டியா?"